ஆமைகளுக்கு மறுபடியும் பதினைந்து வயது

2023-இல், படம் வெளிவர முந்தி, கிளிநொச்சி வட்டக்கச்சியிலிருந்து என்னுடைய பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார் (பதிலும் அப்போது எழுதியதுதான்): "சேர், ஆகஸ்டில் நிஞ்ஜா ஆமைகளின்ர புதுப்படம் வருதாம். மகனுக்கு எட்டு வயசு. யூரியூப்பில முன்னோட்டத்தைப் பார்த்திட்டு நாள் முழுக்க அதே கதைதான். முந்தி எத்தினையோ படம் வந்திருக்காம். எதைப் பார்த்திட்டு இதைப் பார்க்கவேணும்? ஏன் சேர் திரும்பத் திரும்ப முதலில இருந்து தொடங்குறாங்கள்? பிள்ளைக்குக் காட்டலாமோ? மற்றது, படம் ஏன் கீறி முடிக்காத மாதிரிக் கிடக்குது?"

தம்பி, முதல் கேள்விக்குப் பதில் சின்னது. முந்தி வந்த எதையும் பார்க்கத் தேவையில்லை. 2023 ஆகஸ்ட் 2-ஆம் திகதி அமெரிக்காவில் வெளிவரப்போகும் 'ரீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டேர்ட்டில்ஸ்: மியூட்டன்ட் மேஹெம்' கதையை அடியிலிருந்து சொல்கிற படம். பழைய படம் எதற்கும் அது தொடர்ச்சி கிடையாது. நியூயோர்க் நகரத்துச் சாக்கடையில் நாலு ஆமைக்குஞ்சுகள் ஏதோவொரு பச்சைத் திரவத்தில் புரண்டு, மனிதப் பிள்ளைகள் மாதிரி வளர்கின்றன. ஸ்பிளின்டர் என்கிற எலி அவர்களுக்குத் தகப்பனாக இருந்து சண்டை பழக்குகிறது. இவ்வளவு தெரிந்தால் போதும். தெரியாமல் போனாலும் படமே சொல்லிவிடும்.

நீர் கேட்ட விதத்தில் ஒரு சின்னக் கூச்சம் தெரிந்தது. உலகமெல்லாம் பார்த்ததை நாங்கள் மட்டும் தவறவிட்டோம் என்கிற மாதிரி. இந்த ஆமைகள் ரீவியில் கொடிகட்டிப் பறந்தது 1987 முதல் 1996 வரை. அதில் பெரும்பகுதிக் காலம் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மின்சாரமே கிடையாது. எண்ணெய்க்கு அலைந்து, ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்குப் பிடித்து ஒரு இரவு படம் போட்டால் விடியும்வரை ஓடும். ரஜினி வருவார், விஜயகாந்த் வருவார், பெடியள் கத்திக் கேட்டால் ஒரு ஜாக்கி சான் படமும் வரும். அமெரிக்கக் கார்ட்டூனுக்கு யார் எண்ணெய் விடுவது? நான் இந்த ஆமைகளை முதலில் கண்டதே 2002-இல் ஏ9 வீதி திறந்த பிறகு வந்து இறங்கிய புத்தகப்பைகளில்தான். கண்ணில் துணி கட்டிய நாலு ஆமைகள். யார், எவர், ஏன் கையில் வாள் என்று பையைச் சுமந்த பிள்ளைக்கும் தெரியாது, வாங்கிக் கொடுத்த தகப்பனுக்கும் தெரியாது. ஆகவே கூச்சத்தை விடும். மறுதொடக்கம் என்று ஒன்றைச் செய்வதே முந்தியதைப் பார்க்காதவர்களையும் உள்ளே கூப்பிடத்தான். நீரும் மகனும் ஒரே வரிசையில் இருந்து பார்க்கலாம்.

ஏன் திரும்பத் திரும்ப முதலிலிருந்து என்கிற கேள்வியை வன்னியில் பிறந்தவர் கேட்கலாமா? முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்தை எடுத்துக்கொள்ளும். கோவலன் கொலைப்படுவான் என்று பாயில் நித்திரை தூங்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் போன முறை விட்ட இடத்திலிருந்து இந்த முறை யாரும் தொடங்குவதில்லை. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் காப்பிலிருந்துதான் தொடங்குவார். அதே நேரம் கதை அப்படியே உறைந்தும் இருக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரையை எரித்தபின் சேர நாட்டுக்குப் போகிற கண்ணகி, எங்கள் சனத்தின் கதையில் கடல் தாண்டி வற்றாப்பளைக்கு வந்து அமர்கிறாள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிவதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது. அமெரிக்காவின் கொமிக்ஸ் வீரர்களுக்கும் இதேதான் நடக்கிறது. வித்தியாசம் ஒன்று: அங்கே அண்ணாவியாருக்கு மேலே ஒரு கம்பனி இருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஆமைகள் பிறந்த விதமே ஒரு பகிடிதான். 1983-இல் கெவின் ஈஸ்ட்மன் என்கிற இளைஞர், கூட்டாளி பீட்டர் லெயர்ட்டைச் சிரிக்கவைக்க, முகமூடி கட்டி, சங்கிலியால் பிணைத்த இரட்டைத் தடியான நுன்சாக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலில் நிற்கிற ஆமை ஒன்றைக் கீறினார். லெயர்ட் அதை இன்னும் திருத்திக் கீற, ஒன்று நாலாகியது. அடுத்த வருடம், 1984 மே மாதம், வரிக்கழிவாகத் திரும்பக் கிடைத்த காசையும் ஈஸ்ட்மனின் மாமாவிடம் வாங்கிய கடனையும் போட்டு, கறுப்பு வெள்ளையில் ஒரு புத்தகமாக அடித்தார்கள். முதல் அச்சு ஏறக்குறைய 3000 பிரதிகள். அமெரிக்காவின் ஆகப்பெரிய கொமிக்ஸ் கம்பனிகளைக் கிண்டலடிக்க எழுதின கதை அது. 'டெயார்டெவில்' என்கிற வீரனின் தொடக்கக் கதையில், வீதியில் ஒரு கிழவரைக் காப்பாற்றப் பாய்ந்த பையனின் முகத்தில் கதிரியக்கப் பொருள் பட்டு அவன் கண் தெரியாமல் போகும். ஈஸ்ட்மனும் லெயர்ட்டும் அதே விபத்தைக் காட்டி, அதே குப்பி உருண்டு போய்ச் சாக்கடைக்குள் ஆமைகளின்மேல் விழுந்தது என்று எழுதினார்கள். டெயார்டெவிலுக்குச் சண்டை பழக்கியவர் பெயர் 'ஸ்டிக்', அதாவது தடி. ஆமைகளின் குருவுக்கு 'ஸ்பிளின்டர்', அதாவது சிராய். மற்றக் கொமிக்ஸ்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தீவிரமாக எழுதியதை இவர்கள் ஆமையின் முதுகில் ஏற்றிவிட்டார்கள். அந்தப் பகிடிதான் நாற்பது வருடமாக ஓடுகிறது. (ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொல்கிற எங்கள் கிழவிகள் இந்த வியாபாரக் கணக்கைக் கேட்டால் என்ன சொல்வார்களோ.)

ஆமைகளின் பெயர்களில் சித்திர வாத்தியான எனக்கு ஒரு தனிச் சந்தோசம் உண்டு. லியனார்டோ, மைக்கலாஞ்சலோ, ரஃபேல், டொனாடெல்லோ. நாலு பேரும் இத்தாலிய மறுமலர்ச்சிக் காலக் கலைஞர்கள். வகுப்பில் முதல் மூன்று பேரைப் பற்றிப் படிப்பித்து முடித்தால் கடைசி வாங்கிலிருந்து ஒருவன், "டொனாடெல்லோ எங்க சேர்?" என்பான். டேவிட் சிலையை வெண்கலத்தில் வார்த்தவர் என்று அவரையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும்.

இப்போது எது மாறியது, எது மாறவில்லை என்று பாரும். நாலு சகோதரர்கள், எலித் தகப்பன், சாக்கடை, நியூயோர்க், பீட்ஸா ஆகியவற்றில் யாரும் கைவைப்பதில்லை. ஆயுதங்களும் பெரும்பாலும் அப்படியே. லியனார்டோவுக்கு இரட்டை வாள், டொனாடெல்லோவுக்கு நீளத் தடி, ரஃபேலுக்கு முக்கவர்க் கத்தியான சாய், மைக்கலாஞ்சலோவுக்கு நுன்சாக்கு. மற்றதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது. கொமிக்ஸின் அட்டையில் நாலு பேரின் முகமூடியும் சிவப்பு. உள்ளே கறுப்பு வெள்ளை என்பதால் ஆயுதத்தை வைத்துத்தான் யார் யார் என்று கண்டுபிடிக்கவேண்டும். நீலம், ஊதா, சிவப்பு, செம்மஞ்சள் என்று பிரித்துக் கொடுத்தது 1987-இன் கார்ட்டூன். ஸ்பிளின்டர் கொமிக்ஸில் ஒரு நிஞ்ஜா வீரனின் வளர்ப்பு எலி, கூட்டுக்குள் இருந்து எசமானைப் பார்த்துப் பார்த்தே வித்தை கற்றது. கார்ட்டூனில் அந்த வீரனே எலியாக மாறிவிடுகிறான். 2018-இன் தொடரில் லியனார்டோவை ஒதுக்கிவிட்டு ரஃபேலைத் தலைவனாக்கினார்கள். ஆகக்கூட மாறியது ஏப்ரல் ஓ'நீல் என்கிற பெண்தான். கொமிக்ஸில் ஒரு விஞ்ஞானியிடம் வேலைசெய்யும் கணினி நிபுணர். கார்ட்டூனில் மஞ்சள் உடுப்புப் போட்ட ரீவிச் செய்தியாளர். இந்தப் புதுப்படத்தில் பத்திரிகைக்காரி ஆகும் ஆசையோடு இருக்கிற பள்ளிக்கூட மாணவி. ஆமைகளுக்கும் அவளுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது என்றவுடன் கதையின் உறவே வேறாகிவிடுகிறது. முந்திப் பெரும்பாலும் அவள் அவர்களுக்கு அக்கா, இப்போது வகுப்புத் தோழி.

சரி, கம்பனிக்கு வருவோம். 1987-இன் கார்ட்டூன் கலை ஆர்வத்தில் எடுக்கப்பட்டதில்லை. விளையாட்டுச் சாமான் செய்யும் பிளேமேட்ஸ் கம்பனி, ஆமைப் பொம்மைகளை நம்பிக் காசைப் போடுவதற்குமுன் ஒரு ரீவித் தொடர் வேண்டுமென்று கேட்டது. அதற்காக ஐந்து பாகம் எடுத்தார்கள். அது பிடித்துக்கொண்டது. 1990-இல் மனிதர் ஆமைச் சட்டை போட்டு நடித்த படம் வந்தது. முகங்களை அசைத்தது பொம்மலாட்டக்காரர் ஜிம் ஹென்சனின் பட்டறை. 1991, 1993 என்று இன்னும் இரண்டு. 2007-இல் கணினியில் செய்த ஒரு முழுப்படம். 2009-இல் நிக்கலோடியன் ரீவியின் தாய்க்கம்பனி ஏறக்குறைய 6 கோடி டொலருக்கு ஆமைகளை மொத்தமாகவே வாங்கிவிட்டது. அப்புறம் 2014-இல் மைக்கேல் பே தயாரித்த படம் வந்து 48 கோடி டொலருக்கு மேல் உழைத்தது. ஆனால் அதில் ஆமைகளுக்கு மனித மூக்கும் உதடும் வைத்து, ஆறடிக்கு மேல் மலைபோல வளர்த்து வைத்திருந்தார்கள். பார்க்கவே அருவருப்பு. 2016-இல் அதன் தொடர்ச்சி வந்தபோது வருமானம் பாதியாகிப்போனது. சொத்தைக் காசு கொடுத்து வாங்கிய கம்பனி அதைச் சும்மா போட்டுவைக்காது. விழுந்த கதையைத் தொடரவும் முடியாது. ஆகவே 2020-இல், முதலிலிருந்து, இந்த முறை கீறிய படமாக என்று அறிவித்தார்கள். மறுதொடக்கம் என்கிற பெரிய சொல்லுக்குப் பின்னால் பாதிக்குப் பாதி இந்தக் கணக்குத்தான்.

மீதிப் பாதிதான் எனக்குச் சுவாரசியம். உம்முடைய கடைசிக் கேள்விக்கும் அதில்தான் பதில் இருக்கிறது.

முன்னோட்டத்தை ஒருக்கால் நிறுத்தி நிறுத்திப் பாரும். ஆமையின் உருவம் முப்பரிமாணத்தில் உருண்டு திரண்டு இருக்கிறது, களிமண்ணில் பிடித்த மாதிரி. அதன் விளிம்பில் ஓடும் கோடு மட்டும் ஒழுங்காக இல்லை. ஓர் இடத்தில் தடிக்கிறது, ஓர் இடத்தில் மெலிகிறது, இன்னோர் இடத்தில் போய்ச் சேராமலே நின்றுவிடுகிறது. வெளிச்சம் வரும் இடமெல்லாம் பென்சிலால் கிறுக்கிய கோடுகள். வெடித்துக் கிளம்பும் புகை சுருள் சுருளாகக் கிறுக்கல். மனித முகங்களைப் பாரும், ஒரு கண் ஏறி ஒரு கண் இறங்கி, தாடை ஒரு பக்கம் இழுத்து. கணினி விட்ட பிழை இதில் எதுவும் இல்லை. கணினிக்குச் சும்மா விட்டால் எல்லாவற்றையும் வழவழவென்று, இடமும் வலமும் ஒரே அளவாகத்தான் செய்யும். இந்தக் கோணலை ஒவ்வொன்றாக உட்கார்ந்து செய்யவேண்டும். நெறியாளர் ஜெஃப் ரோவும் காட்சி வடிவமைத்த யாஷர் கசாயும் தேடிப்போனது, பதினைந்து வயதுப் பிள்ளை பள்ளிக்கூடக் கொப்பியின் ஓரத்தில் கீறுகிற கோட்டை. அந்த வயதில் விகிதமும் தெரியாது, நிழலும் தெரியாது, ஆனால் பேனாவை அழுத்துகிற அழுத்தில் கொப்பியின் பின்பக்கம் புடைத்துப்போகும். பதினைந்து வயதுக்காரரின் கதையைப் பதினைந்து வயதுக்காரரின் கையாலேயே கீறினால் எப்படியிருக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். 1984-இல் வந்த முதற் புத்தகமும் நுணுக்கம் பார்க்காத, முரட்டுத்தனமான மைக்கோடுதான். நடுவில் வந்த எந்தப் படமும் அந்தக் கோட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொரு விசயம், அசைவு. சினிமா ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள், அதாவது தனித்தனிப் படங்கள், ஓடும், நிமிடத்துக்கு 1440. வழமையான கணினிப் படங்களில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் உருவம் ஒரு துளி நகரும், எண்ணெய் பூசினதுபோல வழுக்கிக்கொண்டு போகும். கையால் கீறிய காலத்தில் செலவும் நேரமும் பார்த்து ஒரே சித்திரத்தை இரண்டு சட்டகத்துக்கு வைப்பார்கள். வினாடிக்கு 12, நிமிடத்துக்கு 720 சித்திரம் போதும். அப்படிச் செய்தால் அசைவில் ஒரு வெட்டு வரும், அடி விழுந்தால் விழுந்தது தெரியும். 2018-இல் வந்த ஸ்பைடர்மேன் கார்ட்டூன் படமான 'இன்ட்டு த ஸ்பைடர்வேர்ஸ்' கணினிப் படத்துக்குள் அந்தப் பழைய வழக்கத்தைத் துணிந்து கொண்டுவந்தது. புதிதாக வீரனான மைல்ஸ் ஓடிப் பழகும்போது இரண்டு சட்டகத்துக்கு ஒரு அசைவு, பக்கத்தில் அனுபவசாலியான பீட்டருக்கு ஒவ்வொரு சட்டகத்துக்கும் அசைவு. பழகாதவனுக்கும் பழகினவனுக்கும் உள்ள வித்தியாசத்தை வசனமே இல்லாமல் காட்டிவிட்டார்கள். அது ஒஸ்கார் வாங்கியதும் மற்றக் கம்பனிகளின் பயம் தெளிந்தது. ஜெஃப் ரோவும் அந்தப் படத்தை எடுத்த அதே சோனி கம்பனி வட்டாரத்தில், 2021-இல் வந்த 'த மிச்செல்ஸ் வேர்சஸ் த மெஷின்ஸ்' படத்தில் இணை நெறியாளராக இருந்து கைபழகினவர். ஸ்பைடர்மேனைப் பார்த்துக் கீறினது என்று சிலர் இதை இளக்காரமாகச் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்பைடர்மேன் படம் அச்சடித்த கொமிக்ஸின் புள்ளிகளையும் நிறப்பிசகையும் எடுத்துக்கொண்டது. ஆமைப் படம் எடுத்துக்கொண்டது அச்சுக்கு முந்திய கொப்பியை. வாசல் ஒன்று, வீடு வேறு.

குரலிலும் அதே யோசனைதான். இதுவரை ஆமைகளுக்குப் பெரும்பாலும் வளர்ந்த நடிகர்களே பேசினார்கள். இம்முறை மைக்கா அபே, ஷமொன் பிரவுன், நிக்கலஸ் கான்டு, பிராடி நூன் என்று நாலு இளம்பெடியளைப் பிடித்து, ஒரே அறையில் சேர்த்து வைத்துப் பதிந்திருக்கிறார்கள். கார்ட்டூனுக்குக் குரல் கொடுப்பவர்கள் வழமையில் தனித்தனியாக வந்து தங்கள் பங்கைப் பேசிவிட்டுப் போவார்கள். இவர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து, எழுதாததையும் சேர்த்துப் பேசுகிறார்கள். முன்னோட்டத்தில் அந்தச் சத்தம் கேட்கிறது, ரியூசன் விட்டு வருகிற பெடியளின் சத்தம்.

எலித் தகப்பனுக்குக் குரல் ஜாக்கி சான். இதற்காகவே நீரும் பார்க்கலாம். 1990-இன் முதற்படத்தைத் தயாரித்த ஹொங்கொங் கம்பனியான கோல்டன் ஹார்வெஸ்ட்தான் அந்தக் காலத்தில் ஜாக்கி சானின் படங்களையும் எடுத்தது. எங்கள் பக்கம் டெக்கில் ஓடித் தேய்ந்த கசெற்றுகளில் பாதி அங்கிருந்து வந்தவைதான். அப்போது ஆமைகளுக்கும் அவருக்கும் ஒரே முதலாளி, இப்போது ஒரே படம். வில்லன் சூப்பர்ஃபிளை என்கிற இலையான் மனிதன், குரல் ராப் பாடகர் ஐஸ் கியூப். மல்யுத்தச் சண்டைக்குப் பேர்போன ஜோன் சீனாவும் ஒரு காண்டாமிருகமாக வருகிறார். இசை டிரென்ட் ரெஸ்னரும் அட்டிகஸ் ரோஸும். தயாரிப்பாளர்களில் ஒருவர் நகைச்சுவை நடிகர் செத் ரோகன், ஆகவே பகிடி குறையாது.

கதை என்று அவர்கள் வெளியிட்டிருப்பது இவ்வளவுதான்: பல வருடம் மனிதர் கண்ணில் படாமல் ஒளித்து வளர்ந்த நாலு பேரும், வீரச்செயல் செய்து நகரத்தாரின் மனத்தில் இடம்பிடித்து, மற்றப் பிள்ளைகள் மாதிரிச் சாதாரணமாக இருக்க ஆசைப்படுகிறார்கள். ஏப்ரல் உதவிக்கு வருகிறாள். ஒரு மர்மமான குற்றக் கும்பலைப் பிடிக்கப் போய், தங்களைப்போலவே உருமாறிய ஒரு படையிடம் மாட்டிக்கொள்கிறார்கள். உலகத்தைக் காப்பாற்றுவதைவிடப் பள்ளிக்கூடம் போவதுதான் இவர்களுக்குப் பெரிய ஆசை. இது நல்ல அறிகுறி என்பது என் கணிப்பு. முந்திய மறுதொடக்கங்கள் வில்லனைப் பெருப்பித்தன, கட்டடங்களை இடித்தன. இது வயதைச் சரியாகப் பிடிக்கப் பார்க்கிறது.

இனி உம்முடைய மகன். படத்துக்குப் பீஜி தரம் கொடுத்திருக்கிறார்கள், பெற்றார் பார்த்துக் காட்டவேண்டும் என்று பொருள். சண்டை இருக்கிறது, கொஞ்சம் மோசமான பேச்சும் அருவருப்புப் பகிடியும் இருக்கிறது. 2014, 2016 படங்கள் பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு எச்சரிக்கை போட்டவை, அவற்றோடு ஒப்பிட்டால் இது இளசுகளுக்கான படம். எட்டு வயதுக்குக் காட்டலாம், ஆனால் பக்கத்தில் இரும். உருமாறிய பிராணிகளின் முகங்கள் வேண்டுமென்றே கோரமாகச் செய்யப்பட்டவை, இரவில் தனிய விட்டுப் பார்க்க வைக்கவேண்டாம். மற்றது மொழி. நாலு பேரும் நியூயோர்க் பெடியளின் ஆங்கிலத்தை மூச்சுவிடாமல் பேசுகிறார்கள். எழுத்து ஓடுகிற பிரதி கிடைத்தால் உமக்குச் சுகம், மகனுக்கு எழுத்தைத் துரத்தினால் படம் போய்விடும். பகிடி விளங்காவிட்டாலும் யார் யாருடன் கோபம் என்பது நிறத்திலும் நடையிலும் தெரிந்துவிடும்.

பழையதில் ஏதாவது ஒன்று பார்த்தே ஆகவேண்டுமென்றால் 1990-இன் படத்தைப் பாரும், அதுவும் இதைப் பார்த்த பிறகு. நடிகர்கள் அந்த ரப்பர்ச் சட்டைக்குள் வியர்த்து விறுவிறுத்து உதைக்கிறதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். 2014-ஐ விட்டுவிடும்.

படம் கைக்கு வரும்வரை மகனைச் சமாளிக்க ஒரு வழி. பழைய கொப்பி ஒன்றின் ஒற்றைகளை வலது கீழ்மூலையில் ஒரே மாதிரிப் பிடித்து, கடைசி ஒற்றையிலிருந்து தொடங்கச் சொல்லும். ஒவ்வொன்றிலும் ஆமையை ஒரு துளி தள்ளிக் கீறவேண்டும், கோடு கோணினால் அழிக்கக்கூடாது. இருபத்து நாலு ஒற்றை முடிந்ததும் பெருவிரலால் விசுக்கிப் பார்க்கட்டும். பிறகு அதே வேலையை, இரண்டு ஒற்றைக்கு ஒரே சித்திரம் என்று இன்னொரு கொப்பியில் செய்யட்டும். மேலே நான் இவ்வளவு நீட்டி எழுதிய 24-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு அதிலேயே பிடிபட்டுவிடும். கணிதக் கொப்பியை மட்டும் ஒளித்து வையும்.